பறவைக்கு இரங்கிய படமும் அலைக்கு அஞ்சிய ஊரும்

திரைப்படம் ஒன்றைத் திறனாய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வது தமிழாசிரியர் சிலருக்கு உவப்பாக இராது. சங்கப் பாடலும் சிறுகதையும் புதினமும் காத்திருக்க, வெள்ளித்திரைக்கு ஏன் இத்துணை மதிப்பு என்று அவர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், அறிவியல் தமிழில் பேசப்படுவதை நம் மாணவர் எங்கே கேட்கின்றனர் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளியில் பாடநூல் பேசுகிறது. 2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது அந்தக் குரலும் சில ஆண்டுகள் தளர்ந்திருந்தது. பள்ளிக்கு வெளியே, மின்காந்த அலை பற்றியும் அதனால் உயிர்களுக்கு நேரும் கேடு பற்றியும் இலட்சக்கணக்கான தமிழர் ஒருசேர அமர்ந்து தமிழில் கேட்ட இடம் ஒரு திரைப்படமே. 2018ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் வெளிவந்த ‘2.0’ அது.

2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சியாகச் சங்கர் இயக்கிய படம் இது. உரையாடலில் எழுத்தாளர் ஜெயமோகனுக்குப் பங்குண்டு, இசை ஏ.ஆர். ரகுமான். நம் கூலிம் வட்டாரத்துப் பிள்ளைகளும் பெற்றோருடன் சென்று பார்த்தார்கள். பார்த்து வந்தவர்கள் கையோடு ஓர் அச்சத்தையும் கொண்டுவந்தார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டா, இல்லையெனின் அதை விதைத்த கலைப்படைப்பை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையும் கருவும்

முதியவர் ஒருவர் தொலைத்தொடர்புக் கோபுரத்தின் மேல் ஏறித் தூக்கிட்டு இறக்கும் காட்சியுடன் படம் தொடங்குகிறது. பின்னர் நகர மக்களின் கைத்தொலைபேசிகள் எல்லாம் கைகளிலிருந்து பறந்து மறைகின்றன. மறைந்தவை திரண்டு ஒரு பெரும் பறவையாகி, கைத்தொலைபேசி வணிகரையும் நிறுவன முதலாளியையும் அமைச்சரையும் கொல்கின்றன. வசீகரன் என்னும் அறிவியலாளர், கலைத்து வைக்கப்பட்ட சிட்டி என்னும் இயந்திர மனிதனை மீட்டெழுப்பி அப்பறவையோடு மோதவிடுகிறார். இறந்த முதியவர் பட்சிராஜன் என்னும் பறவையியல் அறிஞர் என்பது படத்தின் நடுப்பகுதியில் தெரியவருகிறது. தம் வாழ்வையே பறவைகளுக்குக் கொடுத்தவர் அவர். அலைக்கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று பலரிடமும் முறையிட்டும் எவரும் செவிசாய்க்காமையால் மனமுடைந்து உயிர்துறந்தவர். இந்தியப் பறவையியலின் மூத்த அறிஞர் சலீம் அலியை (1896 - 1987) நினைவூட்டும் தோற்றத்தில் அக்சய் குமார் அப்பாத்திரத்தை ஏற்றுள்ளார்.

போற்றத்தக்கன

குறை கூறுமுன் நிறை கூறுதல் திறனாய்வாளன் கடன். பட்சிராஜனின் முன்கதை உண்மையான இரக்கத்தோடு சொல்லப்பட்டிருக்கிறது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் புறாவுக்காகத் தன் உடலையே அரிந்த சிபியையும் போற்றிய மரபினர் நாம். மனிதனுக்கு மட்டும் உரியதன்று இவ்வுலகம் என்ற உணர்வை, கோடிக்கணக்கில் பொருள் செலவிட்ட ஒரு வணிகப் படம் தன் மையத்தில் வைத்தது பாராட்டுக்குரியது. எதிர்நாயகன்பால் பார்ப்பவர் மனம் சாய்வதும் இப்படத்தின் வெற்றியே. கைத்தொலைபேசிகள் சாலையை நிறைத்து ஓடிவரும் காட்சியில், நாம் கையில் ஏந்தும் கருவி நம்மையே ஏந்திச் செல்கிறது என்ற உண்மை ஒரு வாக்கியமும் இன்றிப் புலனாகிறது.

அப்படியாயின் எங்கே இடறுகிறது படம்? பட்சிராஜன் ஒரு கூற்றை முன்வைக்கிறார்: கோபுர அலைகள் பறவைகளைக் கொல்கின்றன. இது மெய்யா பொய்யா என்று ஆராயத்தக்க கூற்று. வசீகரனோ அறிவியலாளர். ஆனால் படத்தின் மையத்தில் இருப்பது ஆராய்ச்சியன்று, மோதல். இறந்தவரின் ‘ஆரா’ என்னும் ஆற்றல், எதிர்மறை ஆற்றல், நேர்மறை ஆற்றல் என்று கதை பேய்க்கதையின் பாதையில் இறங்கிவிடுகிறது. இறுதியில், முதியவரின் நோக்கம் சரி, வழிதான் தவறு என்ற தீர்ப்போடு படம் நிறைகிறது. அவர் கூற்று நிறுவப்பட்டதா என்ற கேள்வி எழாமலே அடங்கிவிடுகிறது. பேய்க்கதையை எவரும் பேய்க்கதை என்றே கொள்வர்; ஆய்வுக்கூடத்தின் வெள்ளை மேலங்கியை அணிந்து வரும் பேய்க்கதையைத்தான் பிள்ளைகள் பாடமாகக் கொள்கின்றனர்.

படம் வெளிவருமுன்னரே இந்தியக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கம், இப்படம் அறிவியலுக்கு மாறான கருத்தைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்திடமும் அமைச்சிடமும் முறையிட்டது. அம்முறையீட்டை நான் ஏற்கவில்லை. கருத்துக்கு விடை கருத்தேயன்றித் தடையன்று. அதிலும் ஆதாயம் உடையவரே தடை கேட்பது ஐயத்தை வளர்க்குமேயன்றித் தணிக்காது. விடை கூற வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்.

கதிர்வீச்சு என்னும் சொல்

மயக்கத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. கதிர்வீச்சு என்றால் கதிர்களை வீசுதல், அவ்வளவே. அடுப்பின் வெம்மையும் ஞாயிற்றின் ஒளியும் கதிர்வீச்சுத்தான். கதிரியக்கம் என்பது வேறு. அணுவின் கரு தானே சிதைந்து துகளையும் கதிரையும் உமிழ்வதையே அச்சொல் குறிக்கும். தமிழ் இவ்விரண்டுக்கும் இரு சொற்களைத் தந்திருக்க, நாளேடுகளும் மேடைகளும் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன. கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் இரோசிமாவை எண்ணி நடுங்கும் தாய்க்கு, வானொலி அலையும் கதிர்வீச்சே என்று எவரும் சொல்லித் தந்ததில்லை.

மலேசியர்க்கு இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா மக்கள் கதிரியக்கக் கழிவை எதிர்த்துப் போராடியவர்கள். தோரியம் கலந்த கழிவை வெளியேற்றிய அரிய மண் ஆலைமீது அவர்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றனர். 1993இல் மேல்முறையீட்டில் தோற்றனர். ஆயினும் 1994இல் அவ்வாலை மூடப்பட்டது. அவர்கள் அஞ்சியது அஞ்சத்தக்கதற்கு. அதே அச்சத்தைக் கைத்தொலைபேசி அலைக்கும் நீட்டுவது அவர்களின் போராட்டத்தையே மலிவாக்குவதாகும்.

அலைகளின் வேறுபாடு அதிர்வெண்ணில் இருக்கிறது. அதிர்வெண் கூடக்கூட அலையின் ஒவ்வோர் ஆற்றல் துணுக்கும் வலுப்பெறும். அணுவிலிருந்து மின்னணுவைப் பிய்த்தெறியும் வலிமை புறஊதாக் கதிரின் உயர்பகுதியில் தொடங்கி, எக்ஸ் கதிர், காமாக் கதிர் என ஏறிச் செல்கிறது. கைத்தொலைபேசிகள் இன்று பெரும்பாலும் பயன்படுத்தும் அலைகள் வினாடிக்கு ஏறத்தாழ 70 கோடி முதல் 350 கோடி முறை அதிர்வன. நம் கண் காணும் செவ்வொளியோ வினாடிக்கு 400 இலட்சம் கோடி முறை அதிர்வது. அதாவது, கோபுரம் வீசும் அலையின் ஒவ்வொரு துணுக்கையும்விட, வகுப்பறை விளக்கொளியின் ஒவ்வொரு துணுக்கும் இலட்சம் மடங்குக்கு மேல் வலியது. விளக்கொளி நம் உயிரணுக்களை உடைப்பதில்லையெனின், அதனினும் மெலிந்தது அவ்வழியில் உடைக்குமாறு இல்லை.

வலிமை குன்றிய துணுக்காயினும் மிகுதியாகக் குவிந்தால் சூடேற்றும். நுண்ணலை அடுப்பு அவ்வாறே சமைக்கிறது. ஆகவேதான் அனைத்துலக ஆணையம் அளவு வரம்பு வகுத்திருக்கிறது. 900 மெகாஏர்ட்சு அலைக்குப் பொதுமக்கள்மீது படத்தக்க வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட்டு. நண்பகல் வெயில் அதே பரப்பில் ஏறத்தாழ 1000 வாட்டு பொழிகிறது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமும் இவ்வனைத்துலக வரம்பையே தழுவுகிறது. இந்தியாவோ 2012 செப்டம்பர் முதல் அவ்வரம்பையும் பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொண்டது. படம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்தது இது.

ஐயமும் சான்றும்

எதிர்த்தரப்பின் சான்றுகளை மறைப்பது நேர்மையன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் வானொலி அலைகளைப் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்ற ஐயப் பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆசிய மரபில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பட்டியலில் உள்ளன என்பதும் உண்மை. அப்பட்டியல் தீமையின் அளவைச் சொல்வதன்று. சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டும் சொல்வது. 2018இல் அமெரிக்க ஆய்வொன்றில், உடல் முழுதும் மிகுதியான அலைபட்ட ஆண் எலிகள் சிலவற்றில் இதயக் கட்டிகள் காணப்பட்டன. ஆனால் அலைபட்ட அவ்வெலிகள் அலைபடாதவற்றைவிட நீண்டநாள் வாழ்ந்தன. மனிதரைக் குறித்த ஆய்வுகளே நமக்கு முதன்மை. 1994 முதல் 2022 வரை வெளிவந்த 63 ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்ட ஆய்வறிக்கை, உலக நலவாழ்வு நிறுவனத்தின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்டு 2024இல் வெளிவந்தது. கைத்தொலைபேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே அதன் முடிவு. உலகமே கைத்தொலைபேசி ஏந்திய பின்னரும் அந்நோய் அதற்கேற்பப் பெருகவில்லை.

பறவைகளின் நிலை என்ன? சிட்டுக்குருவி குறைந்துவிட்டது என்று தமிழகத்து நகரவாசிகள் வருந்துவது பொய்யன்று. 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை குறித்த அறிக்கை, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் அவை குறைந்துள்ளதையும், நாடு முழுதும் பார்க்குமிடத்து ஏறத்தாழ நிலையாக இருப்பதையும் பதிவு செய்தது. கோபுர அலையே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றும், கூடு கட்ட இடமும் குஞ்சுக்குப் பூச்சியும் அருகியமையே காரணமாகலாம் என்றும் கூறியது. பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் 1970களின் பிற்பகுதியிலேயே குறையத் தொடங்கிவிட்டன. அப்போது அங்கே கைத்தொலைபேசிச் சேவையே இல்லை.

மின்காந்த அலை பறவையைத் தொடுவதே இல்லை என்றும் நான் கூறமாட்டேன். புவியின் காந்தப் புலத்தை உணர்ந்து திசையறியும் செம்மார்புக் குருவிகள், நகரத்து மின்கருவிகளின் இரைச்சலால் திசை தடுமாறுவதைச் செருமனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2014இல் நிறுவினர். வியப்பூட்டும் கண்டுபிடிப்பு அது! ஆனால் அவ்விளைவு பழைய மத்திய அலை வானொலியின் எல்லையை ஒட்டிய, மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் காணப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதிர்வெண் உயர்ந்தபோது விளைவு மறைவதைக் காட்டின. கைத்தொலைபேசி அலைகள் அவ்வெல்லைக்கு மிக மேலே உள்ளன. பேய்க்கதையைவிடச் சுவையான இவ்வுண்மை படத்தில் இல்லை.

இன்னொன்றும் படத்தில் இல்லை. இந்தியாவில் பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிந்த பெருங்கொடுமை மெய்யாகவே நிகழ்ந்தது. 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. காரணம் அலையன்று. மாட்டுக்கு வலி தணிக்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்து. இறந்த மாட்டின் இறைச்சியில் எஞ்சிய மருந்து பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. இறந்த பறவைகளை ஒவ்வொன்றாக அறுத்து ஆராய்ந்தவர்கள் 2004இல் அதை வெளிப்படுத்தினர். 2006இல் இந்தியா அம்மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தது. பட்சிராஜன் போன்ற ஓர் அறிஞரின் வெற்றிக் கதை எழுதப்படாமலே கிடக்கிறது. அதில் தூக்குக்கயிறு இல்லை, ஆரா இல்லை. பொறுமை மட்டுமே இருக்கிறது.

நம்மூரில் நடந்தது

தோட்டங்கள் சூழ்ந்த நம் கூலிம், 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் வேறு முகம் கொண்டது. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நுண்சில்லுத் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்க்கிறார்கள். அத்தகைய பெற்றோரே, படம் வந்த மறு ஆண்டு, எங்கள் பள்ளிக்கு அருகில் நின்ற அலைக்கோபுரத்தை அகற்ற வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினர். அவர்களை நான் எள்ளவில்லை. பிள்ளைமீது கொண்ட பற்றினால் எழுந்த குரல் அது. கோபுரத்தை அகற்றினால் கைத்தொலைபேசி தன் வலுவைக் கூட்டிக்கொண்டு தொலைவிலுள்ள கோபுரத்தைத் தேடும், அவ்வாறாயின் தலையருகே படும் அலை கூடுமேயன்றிக் குறையாது என்று விளக்கினேன். சிலர் ஏற்றனர், சிலர் ஏற்கவில்லை.

ஏற்காத தாய் ஒருவரின் மகள் ஐந்தாம் ஆண்டில் பயின்றாள். அவளுக்கு நாள்தோறும் தலைவலி. கோபுரமே காரணம் என்று அத்தாய் உறுதியாக நம்பினார். சன்னலுக்குத் திரையிட்டார், மகளை வேறு பள்ளிக்கு மாற்றவும் எண்ணினார். ஒருநாள் அறிவியல் பாடத்தின்போது கரும்பலகையில் நான் எழுதியதை அவள் பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதுவதைக் கண்டேன். முன்வரிசைக்கு அழைத்தேன். அங்கிருந்தும் எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி அணிந்தபின் தலைவலி குறைந்தது. ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு மங்கலாகவே கழிந்துவிட்டது. வீண் அச்சம் எவருக்கும் தீங்கு செய்வதில்லை என்பார்க்கு என் விடை அச்சிறுமியே.

இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. நான் பிறந்த தோட்டத்தில் என் தாயார் மருந்தடிக்கும் வேலை பார்த்தார். விடியலில் பெரட்டு முடிந்ததும் முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு செல்வார். கையுறையும் முகமூடியும் கண்டதில்லை. அவருடைய நகங்கள் கறுத்து உதிர்ந்தன. மூக்கிலிருந்து அவ்வப்போது குருதி வடியும். லயத்தில் எவரும் அஞ்சவில்லை. “வெயில் சூடு” என்பார்கள். அவர்கள் அடித்தது பராகுவாட் என்னும் களைக்கொல்லி என்பதை வளர்ந்தபின்தான் அறிந்தேன். மருந்தடிக்கும் பெண்களின் துயரைத் தெனகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வு நூலாக வெளியிட்டது. அதே ஆண்டில் அரசு பராகுவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020 சனவரி முதல் நாளில்தான் வந்தது. என் தாயார் அதைக் காண உயிரோடு இல்லை.

கண்ணுக்குத் தெரியாத அலைக்கு நடுங்கும் நாம், கையில் ஏந்திய நஞ்சுக்கு நடுங்கவில்லை. இதுவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அச்சம் ஓர் ஊரின் செல்வம் போன்றது. வீண் வழியில் செலவிட்டால் வேண்டிய இடத்தில் இராது. செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைகளை வளர்க்கின்றனர். எலி நஞ்சு தின்ற எலியை உண்டு கூகையும் மடிகிறது. பறவைக்கு இரங்கும் மாணவன் முதலில் பார்க்க வேண்டியது கோபுரத்தையா, அந்த நஞ்சையா?

பெருந்தொற்றுக் காலம் இதை மீண்டும் உணர்த்தியது. 2020 ஏப்ரலில் பிரிட்டனில் ஐந்தாம் தலைமுறை அலையே நோயைப் பரப்புகிறது என்று நம்பிக் கோபுரங்களுக்குத் தீயிட்டனர். நம் நாட்டிலும் அவ்வதந்தி கைத்தொலைபேசி வழியாகவே வலம்வந்தது! அந்நோய் இங்கே 2020 சனவரியில் நுழைந்தது. ஐந்தாம் தலைமுறையின் வணிகச் சேவையோ 2021 டிசம்பரில்தான் தொடங்கியது. ஆண்டுகளை அடுக்கிப் பார்க்கத் தெரிந்த மாணவனுக்கு அவ்வதந்தி ஒரு நிமிடமும் நில்லாது. அதே 2020இல் சபாவில் ஒரு மாணவி, அலை கிடைக்காமையால் மரத்தின்மேல் ஏறி இரவு தங்கித் தேர்வெழுதினாள். எங்கள் பிள்ளைகள் சிலரும் இணையப் பாடத்துக்காகச் செம்பனை மேட்டைத் தேடி நடந்தனர். கோபுரம் இருப்பதால் நேர்ந்த கேட்டை நான் தேடியும் காணவில்லை. இல்லாமையால் நேர்ந்த கேட்டைக் கண்ணாரக் கண்டேன்.

நிறைவுரை

கைத்தொலைபேசி முற்றும் தீங்கற்றது என்பது என் முடிவன்று. அது உறக்கத்தைத் திருடுகிறது. வண்டியோட்டியின் கவனத்தைக் கலைக்கிறது. பிள்ளையைத் திடலுக்குப் போகாமல் தடுக்கிறது. இவை அலையின் தீமைகள் அல்ல, பழக்கத்தின் தீமைகள்; ஆகவே நம் கைக்குள் அடங்குவன.

‘2.0’ படத்தை மாணவர்க்கு மறைக்க வேண்டியதில்லை. வகுப்பறைக்கே கொண்டுவரலாம் என்பது என் பரிந்துரை. பட்சிராஜனின் முன்கதையைப் பார்த்தபின் மூன்று வினாக்களை எழுப்புக: இவர் கூறுவது யாது? அதற்குச் சான்று யாது? அச்சான்றை எவ்வாறு அளப்பது? இரக்கத்தைப் படத்திடமிருந்து பெறட்டும். அளவையை நம்மிடமிருந்து பெறட்டும். கேட்டதை அவ்வாறே கொள்ளாது மெய்யைத் தேர்ந்து காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்த வழியும் இதுவே. கதிர்வீச்சையும் கதிரியக்கத்தையும் பிரித்துச் சொல்லத் தமிழுக்குச் சொல் இருக்கிறது. அச்சொல்லைப் பிள்ளையின் நாவில் ஏற்றும் பணி எஞ்சியிருக்கிறது. அதைத் திரையரங்கிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் ஆகாது.